பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சின்ன வண்டியில் தூரம் போவது

பிடித்த வண்டியை எக்ஸ்சேஞ்சில் விடப் போகும் நாளில் சாவியோடு ஒரு அளவு டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உட்காரும் பள்ளத்திலிருந்து ஹேண்டில்பார் பிடியின் நடு வரை ஓர் அளவு. அதே பள்ளத்திலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை இன்னொன்று. சீட்டை விடப் பிடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மூன்றாவது. உடம்பு பல வருஷம் பழகிய முக்கோணம் அது. புதிய வண்டியில் முதுகு வலிக்கும்போது ‘சின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று நொந்துகொள்ளாமல், எந்த அளவு எத்தனை மில்லிமீட்டர் மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலும் ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் துண்டான 20 அல்லது 30 மி.மீ. ரைசரே போதும். அதைப் போட்ட பிறகு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். இன்ஜின் சுற்று (ஆர்.பி.எம்.) ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸ் விறைத்தாலும் ரைசர் உயரம் அதிகம் என்று அர்த்தம்.

பழைய வண்டியில் மாட்டியிருந்த ஃபோன் மவுண்ட், சார்ஜர், கூடுதல் விளக்கு எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றி வைத்துவிடுங்கள். ஆனால் அவற்றை அப்படியே புதியதில் ஏற்றிவிட வேண்டாம். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

‘சின்ன வண்டி’ என்ற சொல்லே ஏமாற்றக்கூடியது. ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல் சுமார் 142 கிலோ, 27 எச்.பி. ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயனும் சுமார் 24 எச்.பி.தான், ஆனால் எடை 199 கிலோ. 249 கிலோ எடையும் 136 எச்.பி.யும் கொண்ட பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ்.ஸிலிருந்து இறங்குபவருக்கு இரண்டுமே சின்ன வண்டிகள்தான். ஆனாலும் முதலாவதில் எடை நூறு கிலோவுக்கு மேல் குறைகிறது, இரண்டாவதில் 50 கிலோதான் குறைகிறது. மணலில் சாய்ந்த வண்டியைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் முழங்காலுக்கே தெரியும்.

நெடும்பயணத்தில் முதலில் இடிப்பது வேகம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் சேர்த்துக் காற்றெதிர்ப்பு, டயர் உருளல், செயின் இழப்பு எல்லாம் போட்டால், சமதளத்தில் 80 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க இன்ஜின் 7, 8 எச்.பி. கொடுக்க வேண்டும். 90-க்கு 10. 100-க்கு 13, 14. 120-க்கு 22. வேகம் ஏற ஏறக் காற்றுக்கான சக்தி அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதுதான் காரணம். பெரிய வண்டியில் 120-ல் போகும்போது கையில் இன்னும் நூறு எச்.பி. மிச்சம் இருந்தது. 24 எச்.பி. வண்டியில் 120-ல் மிச்சம் இரண்டுதான், அதுவும் இன்ஜின் தன் உச்சச் சுற்றில் இருந்தால் மட்டும்.

90-ல் போவது சௌகரியம் என்று வைத்துக்கொள்வோம். எதிரே மணிக்கு 30 கி.மீ. காற்று வந்தால் கூடுதலாக 6, 7 எச்.பி. தேவை. வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 260 கிலோ என்றால் 6 சதவீத ஏற்றம் இன்னொரு 5, 6 எச்.பி. கேட்கும். பத்தோடு இவற்றைக் கூட்டினால் 22 அல்லது 23. வண்டியின் கதை அங்கேயே முடிகிறது. டாப் கியரில் 90-ல் ஓடும் இன்ஜின் உச்சச் சக்தி தரும் சுற்றில் இருக்காது, அதனால் ஒரு கியர் குறைத்தே ஆக வேண்டும். இன்ஜினில் கோளாறு என்று நினைத்துப் பிளக்கை மாற்றுபவர்களும் ஃபில்டரை மாற்றுபவர்களும் உண்டு. கோளாறு காற்றில் இருக்கிறது. இதே காரணத்துக்காக, பழைய வண்டியில் இருந்த உயரமான விண்ட்ஷீல்டை ஆசைப்பட்டு மாட்டினால் அது பாயாக விரிந்து டாப் ஸ்பீடைத் தின்னும். மார்பளவு மறைக்கும் சின்னதே போதும்.

சரி, நேரம் எவ்வளவு போகிறது? 400 கி.மீ. தூரத்தை இடைவிடாமல் 120-ல் போனால் 3 மணி 20 நிமிடம், 95-ல் போனால் 4 மணி 13 நிமிடம். வித்தியாசம் 53 நிமிடம். நிஜச் சாலையில் ஊர், திருப்பம், டீக்கு நிறுத்தம் என்று இரண்டு வண்டிக்கும் சராசரி இறங்கிவிடுவதால் இந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும். இருவழிச் சாலைகளும் மலைப் பாதைகளும் நிறைந்த நாளில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எனவே பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது அகலச் சாலையைக் கைவிட்டுக் கிளைச் சாலைகளைப் பிடிப்பது சமாதானம் செய்துகொள்வதாகாது. சின்ன வண்டிக்கு அதுதான் சரியான பாதை.

நேரத்தைவிட ஆபத்தான இடம் ஓவர்டேக். பழைய பழக்கம் உயிரை வாங்கக்கூடிய ஒரே இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். 12 மீட்டர் லாரி 70-ல் போகிறது. நீங்கள் 90-ல் தாண்டுகிறீர்கள். லாரிக்குப் பின்னால் 20 மீட்டர், லாரியின் நீளம் 12, உங்கள் வண்டி 2, முன்னால் போய்ச் சேர 20. ஆக லாரியைவிட 54 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். வேக வித்தியாசம் 20 கி.மீ., அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பத்து விநாடி ஆகிறது. அந்தப் பத்து விநாடியில் நீங்கள் 240 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 90-ல் வருபவரும் 240 மீட்டர் வந்திருப்பார். கண்ணுக்குத் தெரிந்து காலியாக இருக்க வேண்டிய சாலை அரை கிலோமீட்டர். பெரிய வண்டியில் முறுக்கிய உடனே 120-ஐத் தொட்டு ஐந்தாறு விநாடியில் முடித்த வேலை இது. கண் இன்னும் அந்தப் பழைய இடைவெளியைத்தான் ‘போதும்’ என்று சொல்லும். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கண்ணை நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். லாரியின் பின்பக்கத்தை ஒட்டிப் போகாமல் நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். வழி திறக்கப் போகிறது என்று தெரிந்ததும் முதலில் கியரைக் குறைத்து, உங்கள் பாதையிலேயே வேகத்தை ஏற்றுங்கள். லாரியை நெருங்கும்போது 20 கி.மீ. வித்தியாசம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். வழி திறந்திருந்தால் வெளியே வாருங்கள், இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், இடைவெளி காப்பாற்றும். வெளியே வந்த பிறகு கியர் குறைக்கத் தொடங்கினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். ஏற்றத்தில் ஓவர்டேக் என்ற எண்ணத்தையே ஒத்திப்போடலாம்.

கியரிலும் கை பழக வேண்டும். பெரிய இரட்டை சிலிண்டர் 3,000 சுற்றில் டாப் கியர் போட்டாலும் முனகாமல் இழுக்கும். சிங்கிள் சிலிண்டரை அப்படி இழுக்கவைத்தால் செயின் வெட்டி வெட்டி இழுக்கும், ஹேண்டில் அதிரும், வெயிலில் ஏற்றத்தில் ‘டக டக’ என்று இன்ஜின் தட்டும். முழு ஆக்சிலரேட்டரில் குறைந்த சுற்றில் திணறும் இன்ஜின், நடுச் சுற்றில் சுலபமாக ஓடுவதைவிட அதிகம் சூடாகும். ரெட்லைன், அதாவது இன்ஜினுக்கு அனுமதித்த உச்சச் சுற்று, 8,000 என்றால் 5,000 முதல் 6,500 வரை தாராளமாக ஓட்டலாம், அது வண்டியைக் கொடுமைப்படுத்துவதாகாது. இறக்கத்தில் இதுவே வசதி. சிங்கிளின் இன்ஜின் பிரேக் பலமானது. ஆனால் ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் குறைக்கும்போது சற்று வழுக்கி, பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் கிளட்ச்) இல்லாத வண்டியில் இரண்டு கியரைச் சட்டென்று குறைத்துக் கிளட்ச்சை விட்டால் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் துள்ளும். ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

இவ்வளவு சுற்றில் ஓடுவது பிடிக்காமல் முன் ஸ்பிராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரத்தை) மாற்றும் யோசனை எல்லோருக்கும் வரும். 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால் அதே வேகத்தில் சுற்று 7 சதவீதம் குறையும். முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம். சமதளத்தில் நன்றாக இருக்கும், மூட்டையோடு மலையேறும்போது முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்தே நகர வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் கருகும் வாசனை அங்கேதான் வரும். எதிர்காற்றில் டாப் கியர் பெயருக்குத்தான் இருக்கும். போடுவதென்றால் ஸ்பிராக்கெட் கவருக்குள் செயின் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள், செயின் தொய்வை மீண்டும் அளந்து வையுங்கள். வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டி என்றால் மீட்டர் இப்போது குறைத்துக் காட்டும், ஓடிய தூரத்தையும் குறைத்தே எண்ணும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம். சக்கரத்தில் சென்சார் இருந்தால் மாற்றம் இல்லை. மூட்டை கட்டிப் போகிறவர்களுக்கு கம்பெனி கொடுத்த பல்லே நல்லது என்பது என் கருத்து.

மூட்டைக்கு வருவோம். 75 கிலோ ஆள், 60 கிலோ பில்லியன் (பின்னால் உட்காருபவர்), 25 கிலோ பை, மொத்தம் 160. 249 கிலோ வண்டிக்கு அது மூன்றில் இரண்டு பங்கு. 142 கிலோ வண்டிக்குத் தன் எடையைவிட அதிகம். கையேட்டில் இருக்கும் மொத்த அனுமதி எடையிலிருந்து எரிபொருளோடு சேர்ந்த வண்டி எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்சவரம்பு. அதில் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், பையைத் தாங்கும் கம்பி எல்லாமே அடக்கம். பழைய வண்டியின் அலுமினியப் பெட்டிகளை இதில் மாட்டினால் காலிப் பெட்டியே மூட்டைக்கான எடையில் பெரும் பங்கைச் சாப்பிட்டுவிடும். இருபுறமும் தொங்கும் துணிப் பை, மொத்தம் 30, 40 லிட்டர், போதும். டூல், டியூப், தண்ணீர் போன்ற கனமானவை முன்னால், டேங்க் பக்கம். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும். வேகத்தில் ஹேண்டில் லேசாக ஆடத் தொடங்குவது அதனால்தான்.

டயரின் பக்கவாட்டையும் படியுங்கள். 120/90-17 64எஸ் என்றிருந்தால் 64 என்பது 280 கிலோ தாங்கும் என்ற குறியீடு, எஸ் என்பது 180 கி.மீ. வரை. முன் டயரில் 54 என்றால் 212 கிலோ. அந்த எடை, டயரில் எழுதியிருக்கும் காற்றழுத்தம் இருந்தால்தான். இருவரும் பையுமாகப் போகும்போது கையேட்டில் பில்லியனுக்குச் சொன்ன அழுத்தத்தையே, டயர் குளிர்ந்திருக்கும்போது, வையுங்கள்.

பின் ஷாக்கில் பெரும்பாலும் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு, மட்டும்தான் மாற்ற முடியும், அதையும் பலர் தொடுவதே இல்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே பின்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு மூட்டையோடு உடையணிந்து ஏறி உட்கார்ந்து, வேறொருவரை அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 150 மி.மீ. என்றால் 50. எழுபது வந்தால் ப்ரீலோடு வளையத்தை இறுக்குங்கள். கடைசிப் படி வரை இறுக்கியும் குறையவில்லையென்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கானது அல்ல. பள்ளத்தில் ‘டங்’ என்று அடிவாங்கும் சத்தம், இரவில் ஹெட்லைட் மரத்தின் மேல் விழுவது, சைட் ஸ்டாண்டில் வண்டி அதிகம் நிமிர்ந்து நிற்பது, மூன்றும் இதன் அறிகுறிகள்.

கழற்றி வைத்த மின்சாதனங்களின் காரணம் இப்போது. பெரிய டூரர்களின் ஆல்டர்னேட்டர் 400, 500 வாட்ஸ் தரும், சின்ன வண்டியில் அதில் பாதியே இருக்கலாம். ஹெட்லைட், பம்ப், இஞ்செக்டர், இக்னிஷன் எடுத்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம். சூடேறும் பிடி 30, 40 வாட்ஸ், ஒரு ஜோடி கூடுதல் விளக்கு இன்னொரு 40, ஃபோன் சார்ஜர் 15. பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டு 4,000 சுற்றில் 13.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒன்றைக் கழற்றுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் டிராக்கர் ஒன்று 5 மில்லிஆம்பியர் இழுத்தால், 8 ஏ.எச். பேட்டரியில் பாதி சுமார் 33 நாளில் காலி.

ஆயில் விஷயம் சுருக்கமாக. கொள்ளளவே ஒன்றரை, இரண்டு லிட்டர் என்பதால் 300 மி.லி. குறைந்தாலும் பெரிய பங்கு. நாள் முழுக்க உயர் சுற்றில் ஓடிய வண்டியில் ஒவ்வொரு காலையும், வண்டியை நேராக நிறுத்தி, கையேடு சொல்லும் முறையில் அளவைப் பாருங்கள். பெரிய வண்டியில் மாதம் ஒருமுறை பார்த்த பழக்கம் இங்கே உதவாது.

கடைசியாக அதிர்வு. சிங்கிளில் ஒவ்வொரு வண்டிக்கும் விரல் மரத்துப்போகாத ஒரு சுற்று இருக்கும், கண்ணாடியில் உருவம் தெளிவாகத் தெரியும் சுற்றுதான் அது. ஹேண்டில் முனைகளில் மாட்டும் கனமான பார் எண்டு வெயிட் அதைச் சற்று நகர்த்தும். கைக்குத் தெரியாமல் போல்ட்டுகளைத் தளர்த்துவதும் இதே அதிர்வுதான். கேரியர் போல்ட், சைலன்சர் ஹீட் ஷீல்டு, நம்பர் பிளேட் பிராக்கெட், கண்ணாடித் தண்டு, ஸ்பிராக்கெட் கவர் ஆகியவற்றில் நடுத்தர வலிமையுள்ள நீல நிற திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்கி, போல்ட் தலையில் பெயிண்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். முதல் 500 கி.மீ. மூட்டையோடு ஓடிய பிறகு கேரியர் ஃபிரேமில் சேரும் வெல்டிங்கைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயிண்ட்டில் முடி போல ஒரு கோடு, அதைச் சுற்றித் துருத் தூள் இருந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. பையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வெல்டரைத் தேடுங்கள்.