தோட்டத்திலும் டவுனிலும் ஒரே தடுப்பூசி

மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) குழுவில் வைத்தியராகச் சில வருடங்கள் இருந்தேன். அப்புறம் கண்டி டவுனில் வேலை. இரண்டு இடத்திலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான அதே தடுப்பூசிதான், அதே வயதுப் பெண்பிள்ளைகள்தான். ஆனால் வைத்தியர்களும் மிஸ்ஸிமாரும் (தாதியரும் மருத்துவமாதரும்) அதைப் பற்றிப் பேசுகிற விதம் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. தோட்டத்தில் எதுவும் சொல்லாமலே போட்டுவிடுகிறோம். டவுனில் தாய்மார் கேட்டால் தயங்கி, போடாமல் அனுப்பிவிடுகிறோம்.

இலங்கையில் இந்தத் தடுப்பூசி 2017இல் தேசிய அட்டவணையில் சேர்ந்தது. தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், பாடசாலையிலேயே என்று தொடங்கினார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி. 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். இந்தக் கிருமி பாலுறவால் பரவுவது. அது உடலுக்குள் வருமுன்பே தடுப்பாற்றல் இருக்க வேண்டும், பத்துப் பதினொரு வயதில் உடல் அதை நன்றாக உண்டாக்கும். இந்த வயதைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

பாடசாலையில் போடுவது என்ற முடிவு மலையகத்துக்குச் செய்த நன்மை பெரியது. அமெரிக்காவில் இந்தத் தடுப்பூசி பெரும்பாலும் கிளினிக்கில், வைத்தியர் பரிந்துரைத்துப் போடுவது. அங்கே கிராமப்புறப் பிள்ளைகள் நகரப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே போட்டுக்கொள்கிறார்கள். இங்கே கொழுந்தெடுக்கும் அம்மா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வர வேண்டியதில்லை. ஊசி மலையேறிப் பிள்ளையிடமே வருகிறது.

ஆனால் ஊசி மட்டும்தான் வருகிறது, விளக்கம் வருவதில்லை. சம்மதப் படிவம் பிள்ளையின் பையில் லயத்து வீட்டுக்குப் போகும். அம்மா மலையிலிருந்து திரும்பிச் சமைத்து முடித்த பிறகு, விளக்கடியில் கையெழுத்து வைப்பார். எதற்கு என்று கேட்டால், "டீச்சர் சைன் வைக்கச் சொன்னாங்க" என்பார். மறுநாள் மேடு பள்ளம் தாண்டி எங்கள் வாகனம் பிந்தித்தான் போய்ச் சேரும். அடுத்த பாடசாலை காத்திருக்கும். வரிசை, ஊசி, அட்டையில் பதிவு, சரி, அடுத்தவர்.

"இவங்களுக்குச் சொன்னா விளங்காது" என்று சொன்ன சக வைத்தியர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவசரத்தில் சொன்னதுதான். இருந்தாலும் அந்த வார்த்தை இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. விளங்காது என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களில் ஒரு பாட்டிதான் பாடசாலை வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "டாக்டரம்மா, இந்த ஊசிய போட்டா பின்னாடி புள்ள நிக்காதாமே?"

அதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியாது. 1980களில் இந்த நாட்டில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. தோட்டங்களில் அது நடந்த விதத்தை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் வந்து, பெண்களை வரிசையில் நிறுத்தி, காரணம் சொல்லாமல் எதையோ செய்தால் அந்தப் பாட்டிக்கு வேறென்ன நினைவு வரும்? அவர் கேட்டது மிக நியாயமான கேள்வி. இந்த ஊசியில் இருப்பது வைரசின் வெளிக்கூட்டைப் போன்ற புரதம், உயிருள்ள கிருமி இல்லை, கருப்பைக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ எதுவும் செய்யாது, மாறாகப் பின்னாளில் கருப்பையையே எடுக்க வேண்டி வரும் ஒரு நோயைத் தடுக்கிறது என்று சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாட்டி உள்ளே வந்து பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயக்கம் நல்ல உதாரணம். ஊசி போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும், இந்த வயதில் பயத்தாலேயே சிலர் மயங்குவார்கள். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த பிள்ளை மயங்கி விழுந்தால், பின்னேரம் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்தில் அது வேறு கதையாகிவிடும். அடுத்த டோஸுக்குப் போனால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள், மயங்கினால் பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரம் படுத்தால் தெளிந்துவிடும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் போதும்.

டவுனில் தாய்மார் வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். கேள்வி கேட்கிறார்கள், நல்லது. சிக்கல் எங்கள் பக்கம். "டாக்டர், என் மகள் சின்னப்பிள்ளை, இது இப்பவே தேவையா?" என்று கேட்டதும் வைத்தியருக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. பாலுறவு என்ற சொல் வந்துவிடுமோ என்ற கூச்சம். "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார். அந்த அம்மாவுக்கு அது மரியாதையாகத் தெரியலாம். ஆனால் வைத்தியரே தயங்குகிற ஊசியை எந்த அம்மா பிள்ளைக்குப் போடுவார்? தெரிவை அவரிடம் விடுவது வேறு, நம் கருத்தைச் சொல்லாமல் விடுவது வேறு. கைக்குழந்தைக்குப் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசியும் ஈரல் புற்றுநோயைத் தடுக்கிறது, அதை நாம் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. நான் இப்போது நேராகவே சொல்கிறேன்: "இது புற்றுநோய்த் தடுப்பூசி. இந்த வயசுதான் நல்ல வயசு. போடுங்க. என்ன கேட்கணுமோ கேளுங்க."

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் பெரிய காரியம் இல்லை. ஊசி போடும் நாளுக்கு முன்பே, கொழுந்து நிறுக்கும் நேரத்திலோ, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலோ தமிழ் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) ஒருவர் தாய்மாரோடு பேசட்டும். படிவம் அதற்குப் பிறகு போகட்டும்.

அந்தப் பேச்சில் இன்னொரு காரியமும் நடக்கும். தரம் 6 பிள்ளையின் அம்மாவுக்குப் பெரும்பாலும் 35 வயது, அல்லது அதைத் தாண்டியிருக்கும். பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்கில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் பரிசோதனை செய்ய வேண்டிய வயது. மகளின் ஊசி அம்மாவைக் காக்காது, அவருக்குப் பரிசோதனைதான் வழி. அந்த கிளினிக் நடப்பது வேலை நாளில், வேலை நேரத்தில். பேர் போய்விடும் என்று அவர் வரமாட்டார். அந்த ஒரு நாள் பேரை வெட்டாமல் விடத் தோட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும்.