மாம்பழத் தயிர் அடுக்கு: தண்ணீர் விடாமல் இருக்க

மே மாதம் ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்தால் அடுப்படியில் நிற்க முடியாது. ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் கத்திரி தொடங்கும் முன்னாலேயே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. இந்த இனிப்புக்கு ஓவன் வேண்டாம், பாகு காய்ச்ச வேண்டாம். தயிரும் நெய்யும் கையில் இருந்தால், கடல்பாசி (அகர் அகர்) கரைக்க மட்டும் ஐந்து நிமிடம் அடுப்பு எரிந்தால் போதும். அடியில் பிஸ்கட் தூள், அதன் மேல் வடித்த தயிர், அதற்கு மேல் மாம்பழக் கூழ், உச்சியில் பழத்துண்டு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் காலையில் மூன்று நிறமாக அழகாக அடுக்கி வைத்தது, மதியம் எடுக்கும்போது அடியில் களியாகவும் நடுவில் மஞ்சள் தண்ணியாகவும் நிற்கும். பெரும்பாலானவர்கள் இதற்குப் பழத்தையோ ஃப்ரிட்ஜையோ குறை சொல்வார்கள். காரணம் தண்ணீர். தயிரில் தண்ணீர், பழத்தில் தண்ணீர், வெண்ணெயில்கூடத் தண்ணீர் இருக்கிறது. சர்க்கரை பட்டதும் எல்லாம் வெளியே வரும், வறண்ட பிஸ்கட் அத்தனையையும் குடித்துக்கொள்ளும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்தத் தண்ணீரை அங்கங்கே நிறுத்தி வைப்பதற்குத்தான்.

250 மில்லி கண்ணாடி டம்ளர் ஆறுக்கு அளவு இது. தயிர் 1 லிட்டர், பொடித்த வெள்ளைச் சர்க்கரை 60 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 60 மில்லி, ஏலக்காய்த் தூள் இரண்டு சிட்டிகை. மாரி பிஸ்கட் 110 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 40 கிராம், நெய் 45 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மாம்பழம் இரண்டு, ஒவ்வொன்றும் 400 கிராம் இருந்தால் சரி. கடல்பாசித் தூள் 2 கிராம், அதாவது தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்று. நாட்டுச் சர்க்கரை மேலே தூவ ஆறு சிட்டிகை.

முதலில் தயிர். வேலையில் பாதி இதுதான், முந்தின நாளே தொடங்க வேணும். கடைத் தயிரும் ஆகும், ஆனால் வீட்டில் உறைய வைத்தால் புளிப்பு நம் கையில் இருக்கும். கொழுப்பு எடுக்காத பாலைக் காய்ச்சும்போது பொங்கியதும் இறக்கிவிடாதீங்க. தீயைக் குறைத்து இன்னும் 10 நிமிடம் கிளறிக்கொண்டே காயவிடுங்க. பாலில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதி அந்தச் சூட்டில்தான் மாறி, உறையும்போது தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. உறை ஊற்றும்போது பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்க வேணும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை போதும். வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள் போக வேணும். ராத்திரி முழுக்க வெளியே விட்டால் புளித்து, ஓரத்தில் தெளிவு நீர் பிரிந்து நிற்கும். அந்தத் தயிரில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் இனிப்பு வேறாக, புளிப்பு வேறாகத்தான் நாக்கில் படும்.

வடிக்க ஒரு பழைய பருத்தி வேட்டித் துணி நல்லது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சோப்பில் துவைத்த துணியில் வாசனை இருக்கும். இரண்டையும் தயிர் இழுத்துக்கொள்ளும். துணியைச் சோப்பில்லாமல் கொதிநீரில் அலசிப் பிழிந்து, வடிகட்டியில் நான்காக மடித்துப் போட்டு, அடியில் ஒரு போசி வைத்து, தயிரை ஊற்றி மூடி, மேலே கனமான வட்டல் ஒன்றை வைத்து ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம் விடுங்க. வெளியில் தொங்கவிடுவது மார்கழிக்குச் சரி, சித்திரைக்கு ஆகாது, வடிவதற்குள் புளித்துவிடும். பசும்பால் தயிர் லிட்டருக்கு 350 முதல் 400 கிராம் தேறும். எருமைப்பால் என்றால் 450 வரை வரும். இந்த அளவுக்கு 400 கிராம் வேணும்.

வடிந்தது போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. துணியை விரித்து, நடுவில் விரலால் ஒரு குழி போடுங்க. ஐந்து நிமிடம் கழித்தும் குழி அப்படியே, உள்ளே ஈரம் மினுங்காமல் இருந்தால் சரி. குழிக்குள் பச்சை கலந்த தெளிவு ஊறி நின்றால் இன்னும் இரண்டு மணி நேரம் வேணும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். சர்க்கரை சேர்த்ததும் எவ்வளவு கெட்டியான தயிரும் ஒரு படி இளகும், அதற்கும் சேர்த்துத்தான் வடிக்கிறோம். கீழே இறங்கிய தெளிவைக் கொட்டிவிடாதீங்க. சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

வடித்த தயிரில் பொடித்த சர்க்கரை, ஏலக்காய், க்ரீம் சேர்த்துக் கையால் கலக்கிக்கொள்ளுங்க. மிக்ஸியில் போடக் கூடாது. பிளேடு சுற்றும்போது தயிரின் கட்டமைப்பு உடைந்து மோர் மாதிரி ஓடும். அதைத் திரும்பக் கெட்டியாக்க வழியே இல்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. நுரைத்து நிற்க 30க்கு மேல் வேணும். இங்கே அது நிற்கத் தேவையில்லை, தயிரின் புளிப்பைத் தணித்தால் போதும். பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, அடியில் தங்கும் தண்ணியை விட்டுவிட்டு மேலே உள்ள கெட்டியை மட்டும் எடுங்க.

அடி அடுக்குக்கு எல்லோரும் வெண்ணெய் சொல்வார்கள். ஊத்துக்குளி வெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கும் ஊர்களில் நெய் போடச் சொல்வது விசித்திரமாகப் படலாம். ஆனால் கடை வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கிறது. கடைந்து எடுத்த வெள்ளை வெண்ணெயில் மோரும் கொஞ்சம் தங்கியிருக்கும். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அதே ஊத்துக்குளி வெண்ணெயைக் காய்ச்சி நெய்யாக்கிப் போடுங்க, வாசனையும் வரும், பிஸ்கட்டும் நமுத்துப்போகாது. பிஸ்கட்டை ரவை பதத்துக்குப் பொடித்து, கடலையை ஒன்றிரண்டாக உடைத்து, உப்புச் சேர்த்து, உருக்கி ஆறிய நெய்யை ஊற்றிப் பிசறுங்க. கையில் பிடித்தால் பிடி நிற்க வேணும், விரலில் எண்ணெய் வழியக் கூடாது. ஒரு டம்ளருக்கு 30 கிராம் போட்டு, டம்ளருக்குள் நுழையும் சின்னக் கிண்ணத்தின் அடியால் அழுத்தி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைங்க. நெய் உறைந்து ஒவ்வொரு துகள் மேலும் மெழுகு மாதிரி படிந்துவிடும். தயிரின் ஈரம் உள்ளே இறங்காமல் காப்பது அந்தப் படிவுதான். இந்த அரை மணி நேரத்தைத் தாண்டிக் குதித்தால் மற்றதெல்லாம் வீண். மேட்டுப்பாளையம் பக்கம் வர்க்கி எளிதாகக் கிடைக்கும், மாரிக்குப் பதில் அதைப் பொடித்தும் போடலாம். அதில் ஏற்கனவே கொழுப்பு இருப்பதால் நெய்யை 25 கிராமாகக் குறைக்க வேணும்.

மாம்பழத்துக்கு வருவோம். துண்டுக்கும் கூழுக்கும் ஒரே ரகம் பொருந்தாது. துண்டு போட பங்கனப்பள்ளிதான் நல்லது. நார் இல்லை, சதை கெட்டி, ஒரு சென்டிமீட்டர் கட்டமாக வெட்டினால் முனை மழுங்காது. கூழுக்கு இமாம்பசந்த் கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை. சேலத்துக் கடைகளில் அது வரும் நாட்கள் குறைவு, விலையும் அதிகம், ஆனால் அந்த மணம் தயிரோடு சேரும்போது வேறு எந்த எசன்ஸும் தேவைப்படாது. மல்கோவாவும் நல்ல கூழ் தரும், சாறு கொஞ்சம் கூடுதல். செந்தூரா முன்கூட்டியே சந்தைக்கு வந்துவிடும். நார் இருப்பதால் வடிகட்ட வேணும். கிளிமூக்கை ஊறுகாய்க்கும் உப்பு மிளகாய்த் தூளுக்கும் விட்டுவிடுங்க. உழவர் சந்தையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்க. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து காம்பில் மணமே இல்லை என்றால் அது தானாகப் பழுத்ததாக இருக்காது. முக்கால் பழுப்பில் வாங்கி, வீட்டில் வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ இரண்டு மூன்று நாள் வைப்பது நிம்மதி. காம்பில் இருக்கும் பால் வாயைப் புண்ணாக்கும், வெட்டும் முன் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்க.

200 கிராம் துண்டு தனியாக எடுத்து, சர்க்கரை எதுவும் போடாமல் வடிகட்டியில் வைத்து ஃப்ரிட்ஜில் விடுங்க. வெட்டிய பழத்தில் சர்க்கரை தூவினால் பத்து நிமிடத்தில் சாறு குளம் கட்டும். மீதி 250 கிராமை மிக்ஸியில் ஒரே சுற்று, நுரை வராமல். நுரை வந்தால் அடுக்கின் மேல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

கூழைப் பிடித்து நிறுத்தக் கடல்பாசி. ஜெலட்டினைவிட நம் வெயிலுக்கு இதுதான் ஏற்றது. ஜெலட்டின் 35 டிகிரி சுற்றுவட்டத்தில் உருகத் தொடங்கும், அது நம் ஊர் மதிய நேரத்துச் சூடு. கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 85 டிகிரிக்குக் கிட்டே போனால்தான் உருகும். சைவமும்கூட. 100 மில்லி தண்ணீரில் தூளைக் கலந்து, கொதி வந்த பிறகு இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்க. கரண்டியின் பின்புறத்தில் மணி மணியாக ஒன்றும் ஒட்டாமல் இருக்க வேணும். இழையாகக் கிடைப்பது என்றால் 4 கிராம், அரை மணி நேரம் ஊறவைத்து 150 மில்லி தண்ணீரில் கரைந்து வற்றும் வரை. அடுப்பை அணைத்துக் கூழைச் சேர்க்கும்போது கூழ் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கக் கூடாது. குளிர்ந்த கூழ் பட்டால் கடல்பாசி அங்கேயே நூல் நூலாக உறைந்துவிடும். அப்படி ஆனாலும் பதற வேண்டாம், திரும்பச் சூடாக்கினால் கரையும்.

அடுக்கும் வேலை இனி விரைவில் முடியும். உறைந்த பிஸ்கட் மேல் 70 கிராம் தயிரை, கனமான பிளாஸ்டிக் பையில் நிரப்பி மூலையை வெட்டிப் பிழிந்து விடுங்க. கரண்டியால் போட்டால் டம்ளரின் ஓரமெல்லாம் பூசிக்கொள்ளும். டம்ளரைத் துணி மேல் இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்து ஒரு மணி நேரம் குளிர விடுங்க. பாத்திரத்தின் அடியை உள்ளங்கையில் ஐந்து நொடி வைத்திருக்க முடிகிற சூட்டுக்குக் கூழ் வந்ததும், கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் விட்டு மெதுவாக இறக்குங்க. சூடாக ஊற்றினால் தயிரில் பள்ளம் விழுந்து மஞ்சள் அடியில் இறங்கும். ரொம்ப ஆறவிட்டால் பாத்திரத்திலேயே உறையும். இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

பரிமாறும்போது மட்டும் மீதித் தயிரில் ஒரு கரண்டி, அதன் மேல் ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை, ஓரத்தில் பழத்துண்டு. நாட்டுச் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக ஈரத்தை இழுக்கும். அதனால்தான் அதை அடியிலோ தயிருக்குள்ளோ கலக்கவில்லை. மேலே தூவியதும் பாருங்க: முதலில் பொடியாக நிற்கும், ஒரு நிமிடத்தில் ஓரம் கறுக்கும், ஐந்து நிமிடத்தில் துகள் காணாமல் போய் வெள்ளைத் தயிர் மேல் பழுப்பாக ஒரு பாகு பரவி நிற்கும். அப்போது சாப்பிட வேணும். கவுந்தப்பாடிச் சர்க்கரை கிடைத்தால் அதையே வாங்குங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சந்தைச் சர்க்கரைதான். பஞ்சாமிர்தத்திலும் தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்ப்பதில்லை, அது அத்தனை நாள் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு பழம் போடலாமா என்றால், முலாம்பழம் சரிவரும், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், கூழாக்காமல் துண்டாகக் கடைசியில் மட்டும். நுங்கும் அப்படியே. வெட்டிய நுங்கிலிருந்து தண்ணீர் நிற்காமல் வரும், தோலை உரித்து முழுசாக வைங்க. அன்னாசியைப் பச்சையாகப் போடவே கூடாது. அதில் இருக்கும் நொதி பாலின் புரதத்தை அறுத்து, தயிரைக் கசக்கவும் இளகவும் செய்துவிடும். ஐந்து நிமிடம் வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும், பிறகு பயமில்லை. வாழைப்பழம் கறுக்கும் என்பது தெரிந்ததுதான்.

பிஸ்கட் மொறுமொறுப்பு எட்டு மணி நேரம் தாங்கும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கடல்பாசியே தண்ணீர் விடத் தொடங்கும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உருகும்போது தயிர் திரிந்த மாதிரி பிரியும். நோம்பி, பண்டிகைக்கு நிறையப் பேர் என்றால் தயிரையும் பிஸ்கட்டையும் முந்தின நாள் தயார் செய்து, காலை பத்து மணிக்கு அடுக்கி, மதியச் சாப்பாடு முடிந்ததும் எடுப்பது சரியான கணக்கு. நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீங்க, மூடியே இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும்.