நடப்பானா என்று மட்டும் கேட்காதீர்கள்

தம்பியைப் பார்க்க வருகிற எல்லோரும் "எப்ப நடப்பான்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்னுக்கு எப்படிப் போகிறான், வெளிக்கி எப்படிப் போகிறான் என்று ஒருவரும் கேட்பதில்லை, கூச்சம். ஆனால் முதுகெலும்பு உடைந்தவனின் உயிரைக் காப்பதும், நாலு பேர் நடுவில் அவனை நிம்மதியாக உட்கார வைப்பதும் இந்த இரண்டும்தான். அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "எழுதுக்கா, யாருக்காச்சும் உதவும்" என்றான்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் உயரமாக ஏறிவிடும். மூங்கில் ஏணியில் நின்றுதான் பறிக்க வேண்டும். ஏணி சறுக்கி விழுந்ததில் அவனுக்கு எல்1 எலும்பு, அதாவது கீழ்முதுகின் முதல் எலும்பு, நொறுங்கியது. அந்த இடம் முக்கியம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் கீழ்முதுகு முழுக்க நீள்வதில்லை, எல்1, எல்2 பக்கத்திலேயே முடிந்துவிடும். மூத்திரப் பைக்கும் ஆசனவாய்க்கும் உத்தரவு போகிற எஸ்2, எஸ்3, எஸ்4 நரம்புகள் அந்த நுனியில்தான் புறப்படுகின்றன. அடி சரியாக அங்கே.

நமக்கெல்லாம் பை 400, 500 மில்லி வரை தாங்கும். அதன் கழுத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு, அது நம் சொல் கேட்காது. அதற்குக் கீழே இன்னொன்று, அது கேட்கும். மலைப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை அடக்கிக்கொண்டு வருகிறோமே, அதில் இந்தக் கீழ்த்தசைக்குப் பெரிய பங்கு. கழிப்பறைக்குப் போனதும் மூளைத்தண்டிலிருந்து உத்தரவு இறங்குகிறது: பை சுருங்கவேண்டும், அதே நேரத்தில் பையின் வாய் திறக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் மூத்திரம் போகும்.

தம்பிக்குப் பை சுருங்குவதே இல்லை. பையின் கழுத்துத் தசைக்கான நரம்புகள் தண்டுவடத்தில் இன்னும் மேலேயிருந்து வருவதால் அது மட்டும் மூடியபடி இருக்கிறது. பை நிரம்பித் தளும்பும்போது சொட்டுச் சொட்டாகக் கசியும். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் "நல்லாத்தானே போகுது" என்றார்கள். சேலத்தில் அவனைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் டியூப் போட்டுக் காட்டினார். அவ்வளவு நேரம் சொட்டிய பிறகும் அரை லிட்டருக்கு மேல் வந்தது. தேங்கியதில் கிருமி வளரும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார்கள். அடிவயிற்றை அழுத்திப் பிதுக்கி எடுக்கச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அதே அழுத்தம்தான் சிறுநீரகத்துக்குப் போகும்.

இப்போது நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனே டியூப் விட்டு எடுத்துவிடுகிறான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் இதைத்தான் சொன்னார்: அறுவை அரங்குச் சுத்தம் வேண்டாம், சாதாரணச் சுத்தம் போதும், பையை அளவு மீறி நிரம்பவிடாமல் இருப்பதே பெரிது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அவர் செய்தது பெரிய உபகாரம்.

பக்கத்துப் படுக்கையில் கழுத்தெலும்பு உடைந்த ஒரு அண்ணன் இருந்தார். அவருக்குக் கதை தலைகீழ். கீழ்நுனி நன்றாக இருக்கிறது, மூளையோடு தொடர்புதான் அறுந்துபோனது. பை தன்னிச்சையாகச் சுருங்கும், அதே நேரம் வாய்த் தசையும் இறுகும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துச் சண்டை போடும். தண்டுவடத்தில் நெஞ்சின் ஆறாவது நரம்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டியூப் மடங்கிப் பை நிறைந்தாலே மண்டை பிளக்கிற தலைவலி, முகமெல்லாம் வியர்வை, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூபைப் பார்க்க வேண்டும். அப்படியும் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவர் மனைவிக்கு இது மனப்பாடம்.

வெளிக்கி விஷயமும் இதே கணக்குத்தான். ஆசனவாயிலும் சுருக்குத்தசை உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சும்மா இருக்கும்போது மூடி வைப்பதில் பெரும்பங்கு உள்தசைக்கு. இருமும்போது, தூக்கும்போது காப்பது வெளித்தசை. தம்பிக்கு வெளித்தசை தளர்ந்துவிட்டது. மலம் இளகினால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போதே வந்துவிடும், அதனால் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும்படி சாப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறோம். வயிறு நிறைந்தால் பெருங்குடல் அசையத் தொடங்கும், ஆகவே காலையில் காப்பியும் களியும் கொடுத்து அரைமணி கழித்து, கையுறையில் ஜெல்லி தடவி விரலால் எடுத்துவிட வேண்டும். தினமும் அதே நேரம். அந்த அண்ணனுக்கு விரலால் லேசாகச் சுழற்றித் தூண்டினாலே குடல் தானாகத் தள்ளிவிடும்.

ஆக, ஒருவருக்குச் சொன்ன முறை இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் முன் டாக்டரிடம் அடிபட்டது தண்டுவட நுனிக்கு மேலேயா, நுனியிலேயா என்று கேளுங்கள். மூத்திரம் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று அளக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பாருங்கள், காய்ச்சல், வலி எதுவும் இல்லாவிட்டாலும்.