செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் ஓவியங்கள்

கணவருக்குக் கண்டியில் வேலை என்றதும் மதுரையில் எல்லாரும் சொன்னது குளிரையும் தேயிலையையும்தான். வீடு பார்த்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வீசாவுக்கு அலைந்து முடித்த பிறகு நான் தேடியது ஓர் ஓவியக்கூடம். சென்னையில் இருந்தபோது சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போய்வந்த பழக்கம் விடவில்லை. இங்கே விசாரித்தால் ஏரிக்கரையில் 1882-இல் தொடங்கிய கண்டியக் கலைச் சங்கத்தைக் காட்டுகிறார்கள். பித்தளை, வெள்ளி, அரக்கு வேலைப்பாடுகள் விற்பனைக்கு இருக்கும். மாலையில் கண்டி நடனம். நல்ல இடம்தான், ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள்.

கண்டியின் நல்ல ஓவியங்களெல்லாம் வழிபாடு நடக்கும் இடங்களில்தான் இருக்கின்றன. இது பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமுனுகம என்ற ஊரில் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. அதைக் கட்டுவித்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவன். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சம். 'நம்ம ஊர்க்காரர்' என்று பிள்ளையிடம் பெருமையடித்துக்கொண்டேன். உள்ளே போனால் சுவரெங்கும் செம்மண் சிவப்பு. அதன்மேல் வரி வரியாகப் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள். வெஸ்ஸந்தர இளவரசன் வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிறான். கொஞ்சம் தள்ளி அவனே நாட்டைவிட்டுப் போகிறான். இன்னும் தள்ளி காட்டில் இருக்கிறான். ஒரே ஆள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறான், கட்டம் பிரித்து நிறுத்துவதில்லை. நாமும் நடந்துகொண்டே படிக்க வேண்டியதுதான். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில். மரம் என்றால் இலை இலையாக எழுதியிருக்கிறார்கள், இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு பூவை வைத்துவிடுகிறார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற தாது, வெள்ளைக்கு மகுல் என்கிற களிமண், கறுப்புக்கு விளக்குப்புகைக் கரி. வரைந்தவர்களில் முக்கியமானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன என்ற துறவி.

டிரினிட்டி கல்லூரியின் தேவாலயம் முற்றிலும் வேறு ரகம். பள்ளி வளாகம் என்பதால் வாசலில் சொல்லி அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். கண்டி அரசரின் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தைப் பார்த்து எழுப்பிய கட்டடம் அது; சுற்றிலும் செதுக்கிய கருங்கல் தூண்கள். உள்ளே இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள். சிலுவையில் இருக்கும் இயேசுவுக்குத் தாடி கிடையாது, பின்னணியில் கண்டல் என்கிற அலையாத்திக் காடு. நம் கண்ணுக்குப் பழகிய இயேசுவைத் தேடிப் போனால் யாரோ ஒரு பக்கத்து ஊர் இளைஞன் தெரிவான். எனக்கு அது பிடித்தது. கூட வந்த தோழிக்குப் பிடிக்கவில்லை. சரி, அது அவரவர் ரசனை.

சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முழு நாளை ஒதுக்கிவிட்டுக் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்ற மூன்று பழைய கோயில்களையும் சேர்த்துப் பாருங்கள். கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியச் சிற்பி, ஆண்டு 1344. லங்காதிலகவில் பாறைமேல் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. எம்பெக்கே கதிர்காமத்து முருகனின் கோயில். அதன் மேளமண்டபத்துத் தூண்கள் முழுக்க மரம். மல்லர்கள், பின்னிய கழுத்து அன்னங்கள், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய் என்று ஒவ்வொரு பலகத்திலும் ஒன்று. அப்புறம் கூரையை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்: 26 கைமரங்கள் ஒரே மரக்குச்சியில் வந்து சேர்கின்றன. எங்களைக் கூட்டிப்போன த்ரீவீலர் தம்பி கம்பளைப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. "அக்கா, எங்க தாத்தா ஆசாரி. இத அவருக்குக் காட்டாமலே விட்டுட்டோம்னு எங்கப்பா இன்னும் சொல்லுவார்" என்றான்.

தெருச்சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்ட்டும் தூரிகையுமாகச் சுவர்களில் இறங்கினார்கள். மலையகத்தில் அப்படி வரைந்ததில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தனி இடம். பெரும்பாலும் சிரித்த முகம், மடிப்புக் கலையாத சேலை. எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் அம்மா தோட்டத்தில் பல வருடம் கொழுந்து எடுத்தவர். அப்படி ஒரு படத்தைக் காட்டினேன். "கூடை நெறஞ்சிருக்கு, கழுத்து நரம்பு ஒண்ணும் தெரியலையேம்மா" என்று சிரித்தார். ஓவிய விமர்சனம் எழுதுகிற யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுவது கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். 2007-இல் திறந்தது, தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்திலேயே அமைத்திருக்கிறார்கள். ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்த்தவர்கள் இதையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

ஊர் நினைப்பு வந்தால் நான் பஸ் ஏறுவது மாத்தளைக்கு. முத்துமாரியம்மன் கோயில் ராஜகோபுரம் 108 அடி, அடி முதல் உச்சிவரை வண்ணச் சுதைச் சிற்பம். 1983 கலவரத்தில் எரிந்து, மறுபடி எழுந்த கோயில். மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். அன்றைக்குக் கோபுரத்தை நின்று பார்க்க இடமே கிடைக்காது, அதனால் சிற்பம் பார்க்க வருகிறவர்கள் சாதாரணமான ஒரு வாரநாள் காலையில் வாருங்கள்.