“இங்கனக்குள்ளயே வேலை கெடைச்சிருமா?”

சேர்க்கைக் காலத்தில் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களான நாங்கள் செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பேசுவது வழக்கம்தான். ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் 1000 ரூபாய், டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இதையெல்லாம் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் அம்மா கேட்டதுதான் இன்னும் மனசில் கிடக்கிறது.

“எல்லாம் சரி டீச்சர். படிச்சு முடிச்சா இங்கனக்குள்ளயே வேலை கெடைச்சிருமா?”

“மொதல்ல படிக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

அவர் மகள் கேட்டது கோபா, அதாவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு. ஒரு வருடப் படிப்பு, முடித்தால் ஊரிலேயே ஏதாவது இ-சேவை மையத்தில் உட்காரலாம். பெண் பிள்ளை என்றால் கோபா, இல்லாவிட்டால் தையல் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவது எனக்குப் பொறுப்பதில்லை. ரிப்பேரான மிக்சியைத் தானே பிரித்துப் பார்த்த பெண் அவள். இரண்டு வருட எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் சேரச் சொன்னது நான்தான். அருமையாகச் செய்தாள். சால்டரிங் வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சுத்தம்.

வேலையும் வந்தது, ஸ்ரீபெரும்புதூரில். வீட்டில் அனுப்பவில்லை. 2021 டிசம்பரில் அந்தப் பக்கத்து தொழிற்சாலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நெடுஞ்சாலையில் மறியல் செய்ததை அம்மா டிவியில் பார்த்திருக்கிறார். “அத்தனை புள்ளைக ரோட்டுல உக்காந்துச்சுகளே டீச்சர்” என்றார். நடந்ததுதானே, நான் என்ன சொல்ல?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று இந்த வேலைகள் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். இங்கே மதுரையில் வடபழஞ்சி, இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. வளாகங்களில் தேடுவது மென்பொருள் ஆட்களை. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நாள் தோன்றும். சொல்லியிருந்தால் சேர்த்தே இருக்க மாட்டார்களே, இப்போது கையில் ஒரு தொழிலாவது இருக்கிறதே என்று இன்னொரு நாள் தோன்றும். அந்தத் தொழிலை வைத்துக்கொண்டு அவள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள்.

“செல்போன் சர்வீஸ் கடைகள்ல கேட்டேன் மேடம். பொம்பளப் புள்ளைய வச்சுக்க மாட்டேங்கிறாங்க” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அம்மா கேட்ட வேலை உசிலம்பட்டியிலேயே இருந்திருக்கிறது. பெண்ணைப் படிக்க அனுப்பச் சொல்லி வாசல் வாசலாக நின்ற நாங்கள், அவளை வேலைக்கு எடுங்கள் என்று ஒரு கடை வாசலில் போய் நின்றதில்லை. அதெல்லாம் பயிற்றுநரின் வேலையா என்று கேட்டால், இல்லைதான். வீடு வீடாகப் போவது மட்டும் எங்கே எழுதியிருக்கிறது?

இப்போதெல்லாம் வேலை எந்த ஊரில் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டதும் பல வீடுகளில் கோபாவே போதும் என்கிறார்கள். சர்க்யூட் போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண்ணும் சரியென்று தலையாட்டிவிட்டுப் போகும்போது, அந்தப் பழைய பதிலையே சொல்லியிருக்கலாமோ என்று இருக்கிறது.