நான்கு சக்கர டிரெய்லரை இரண்டு சக்கரமாக மாற்றிய அனுபவம்

கவுந்தப்பாடிப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு, வெட்டிய கரும்பை வயலைவிட்டு வெளியே கொண்டுவருவதே பெரும்பாடு என்பது தெரியும். ஈரம் காயாத வயலில், பாரம் ஏற்றிய நான்கு சக்கர டிரெய்லரை இழுக்கும்போது 45 குதிரைத்திறன் டிராக்டரும் திணறிவிடும். எஞ்சினில் வலு இருக்கும்; பின்சக்கரங்களோ நின்ற இடத்திலேயே மண்ணைக் குடைந்துகொண்டிருக்கும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரம் முழுவதையும் தன் சக்கரங்களிலேயே வைத்துக்கொள்வதுதான் இதற்குக் காரணம். முன் ஆக்ஸிலைத் திருப்பும் வட்டத்தட்டான டர்ன்டேபிளிலிருந்து நீளும் டிராபார் என்ற இழுவைத் தண்டு, டிராக்டரின் இழுவையை மட்டும் வாங்கிக்கொள்கிறதே தவிர, டிராக்டரின் மேல் எடை எதையும் இறக்குவதில்லை. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை.

இரண்டு சக்கரமாக மாற்றினால் பாரத்தில் ஒரு பங்கு ஹூக்கின் வழியாக டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு வந்துவிடும். அமெரிக்கப் பண்ணையாளர்கள் பிக்கப் வண்டியின் பின்பெட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இணைப்பைப் பொருத்திக் கழுத்து வளைந்த டிரெய்லரை மாட்டுவதும், சங்ககிரி டிரெய்லர் லாரிகளில் டிரெய்லரை இணைக்கும் கிங்பின் ஆணி, இழுக்கும் வண்டியின் பின் ஆக்ஸிலை ஒட்டி அமர்வதும் இதே கணக்குத்தான். டிராக்டரில் அந்த இடத்தில் ஓட்டுநர் இருக்கை இருப்பதால், ஆக்ஸிலுக்குப் பின்னால் உள்ள ஹூக்கை வைத்துத்தான் நாம் சமாளிக்க வேண்டும்.

வெல்டிங்கைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வந்தேன். டிரெய்லருக்குத் தனிப் பதிவெண் உண்டு. ஆக்ஸில் எண்ணிக்கையும் மொத்த எடையும் பதிவுச் சான்றிதழில் இருக்கும். அவற்றை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். மாற்றியபின் 14 நாட்களுக்குள் தெரிவித்துச் சான்றிதழிலும் பதிய வேண்டும். ஆக்ஸில் அளவும் குறைக்கப்பட்ட மொத்த எடையும் குறித்த வரைபடம் ஒன்றைப் பட்டறையில் போட்டு வாங்கி, விண்ணப்பத்துடன் கொடுத்தேன். அனுமதி வருவதற்குள் கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. அதனால் அவசரமில்லாமல் வேலை பார்க்க முடிந்தது.

பட்டறைக்காரர் எனக்கு மாமன் முறை. அவர் கேட்ட முதல் கேள்வியே வேலையின் சாரத்தைச் சொல்லிவிட்டது: "முன்பாரம் எத்தனை வேணும்னு சொல்லுங்க மாப்ள, ஆக்ஸில் எங்க உக்காரணும்னு நான் சொல்றேன்." பார வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். டிராக்டருக்குக் கழுத்து இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

டிரெய்லரின் சொந்த எடை சுமார் 1 டன், இனி ஏற்றப்போகும் பாரம் 3.5 டன், ஆக மொத்தம் 4.5 டன். இதில் 15 சதவீதத்தை ஹூக்கின் மேல் இறக்குவதென்று முடிவு செய்தோம். அதாவது 675 கிலோ. ஹூக்கிலிருந்து ஆக்ஸில் வரையிலான தூரம் 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டதால், பாரத்தின் நடுப்புள்ளியிலிருந்து 54 சென்டிமீட்டர் பின்னால் ஆக்ஸில் அமைய வேண்டும் என்று கணக்கு வந்தது. மாமா நூல் பிடித்துச் சேசிஸில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, டேப்பை என் கையில் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னார். பழைய பின் ஆக்ஸில் பாதிப் பாரத்துக்கென்று போட்டது. முழுப் பாரத்தைத் தாங்காது. அதைக் கழற்றிவிட்டு 75 மில்லிமீட்டர் சதுர ஆக்ஸிலும், கனமான வில் பட்டைகளும் போட்டோம். டயர் பழைய 9.00-16 அளவுதான், நல்லதாக இருந்த இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம்.

அதிகக் கவனம் கேட்டது டிராபார்தான். முன்பு அது ஏறி இறங்கும்படி இணைப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததால், வளைக்கும் விசை எதுவும் அதன்மேல் வரவில்லை. இனி, பெட்டியின் முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் வெளியே நீண்டு, 675 கிலோவை முனையில் சுமக்கப்போகிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது இந்த விசை இன்னும் கூடும். எனவே இரண்டு இரும்புச் சேனல்களை முக்கோணமாகக் கூட்டி, முன்சுவரோடு நிறுத்திவிடாமல் பெட்டிக்கு அடியில் ஆக்ஸில் வரை கொண்டுபோய், குறுக்குச் சேனல்கள் ஒவ்வொன்றிலும் மூலையை வலுப்படுத்தும் முக்குத்தகடு வைத்துச் சேர்த்தார்கள். முன்சுவரில் வெறுமனே ஒட்டவைத்து அனுப்பும் பட்டறைகளும் உண்டு. செலவு குறையும் என்பது உண்மைதான். பாரத்தோடு ரோட்டில் டிராபார் முறிந்தால் பின்னால் வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு? தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட, ஹூக்கில் மாட்டும் பழைய வளையத்தையும் மாற்றினோம். முன்னால் மடக்கும் ஸ்டாண்டு ஒன்று கட்டாயம் வேண்டும்; அது இல்லாமல் டிரெய்லரைக் கழற்றவே முடியாது.

டிராக்டர் பக்கம், ஹைட்ராலிக் கைகளுக்கு நடுவே போடும் துளைப்பட்டையில் மாட்டாமல், பின் ஹவுசிங்கோடு சேர்ந்த ஹூக்கில்தான் மாட்ட வேண்டும். ஹூக் ஆணிக்குக் கிளிப்பும், கூடவே ஒரு சங்கிலியும் போட்டோம். எங்கள் டிராக்டரில் ஹூக், ஆக்ஸிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே 190 சென்டிமீட்டர். இந்த நெம்புகோல் கணக்கில் முன்சக்கரங்களிலிருந்து 200 கிலோவுக்கு மேல் கழன்று பின்னால் போய்விடும். பிடிப்புக்கு அது நல்லது, ஸ்டியரிங்குக்கு நல்லதல்ல. அதனால் முன்பக்கம் வெயிட் கட்டிக்கொண்டோம்.

கணக்கை நம்பி விட்டுவிடாமல், பாரத்தோடு எடை மேடைக்குப் போய்ச் சரிபார்த்தேன். டிராக்டரைக் கழற்றித் தனியாக நிறுத்தி எடை பார்த்துவிட்டு, பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடைக்கு வெளியே நிற்கும்படி நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும்; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பாரம். 650 கிலோ காட்டியது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இதேபோல் இரண்டு தடவை பார்த்ததில், சுமார் 200 கிலோ குறைந்திருந்தது. மேடைக்காரர் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியே காசு வாங்கிக்கொண்டார், அது நியாயம்தான்.

வயலில் வித்தியாசம் உடனே தெரிந்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாமல் வண்டி நகர்கிறது. இருபக்கமும் கிளுவை வேலி உள்ள எங்கள் இட்டேரியில் நான்கு சக்கர டிரெய்லரைப் பின்னால் எடுப்பது, ஹூக்கிலும் டர்ன்டேபிளிலும் இரண்டு இடத்தில் மடங்குவதால், தேர்ந்த ஓட்டுநருக்கே சிரமம். இப்போது மடங்குவது ஒரே இடத்தில் என்பதால், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை வாசல் வரை நானே பின்னால் எடுத்துவிடுகிறேன்.

ஆனால் ஏற்றி இறக்கும் ஆட்களுக்குப் புதுப் பழக்கம் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஏற்றும்போது முன்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து. முன்னால் இருப்பதை முதலில் இறக்கிவிட்டால், மிச்சம் உள்ள பாரம் பின்னால் சாய்ந்து ஹூக்கை மேலே தூக்கும். சரிவில் நிற்கும் வண்டிக்கு அது ஆபத்து. கழற்றி நிறுத்திய டிரெய்லரில் பாரம் ஏற்றுவதானால், ஸ்டாண்டோடு பின்பக்கம் ஒரு முட்டும் கொடுக்க வேண்டும். இழப்பும் உண்டு: ஒரு நடைக்கு ஏற்றும் பாரம் குறைந்துவிட்டது. வெகுதூரம் தார் ரோட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிப்பவர் நான்கு சக்கரத்தையே வைத்துக்கொள்ளலாம். வயலுக்கும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்கும் இடையே ஓட்டுபவருக்கு இரண்டு சக்கரம் போதும்.

முதல் சில நடைகளுக்குப் பின் பட்டைகளின் யூ போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிவிட வேண்டும், புதுப் பட்டைகள் படிந்து கொஞ்சம் தளர்ந்துவிடும். வாகன ஆய்வாளர் பார்த்தபின் சான்றிதழில் புது எடை ஏறியதும், அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பினேன். கழற்றிய டர்ன்டேபிளும் முன் ஆக்ஸிலும் இன்னும் பட்டறையில்தான் கிடக்கின்றன; பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க மாமாவுக்கு மனம் வரவில்லை.