ஓடுவதற்கு முன் போடும் அந்த ஒரு மாத்திரை

ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் பயிற்சி எடுக்கும் தம்பி, தங்கைகளே, பையில் கிடக்கும் வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபெனும் போட்டால், அசெக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் ஒரே வகை என்பதால், ஒரே வகை மருந்து இரண்டு தடவை உள்ளே போகுது.

கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைப்பது, உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். உடம்பில் தண்ணி குறையும்போதுதான் அதன் உதவி அதிகம் தேவை. இந்த மாத்திரைகள் அதைத்தான் தடுக்கும். 2,200 மீட்டர் உயரக் குளிரில் தாகம் சரியாகத் தெரியாது, மூச்சுவழியே தண்ணி போய்க்கொண்டே இருக்கும். தொட்டபெட்டாவிலிருந்து இறக்கத்தில் வேகமாக ஓடினால் தொடைத்தசை சிதையலாம், அந்தக் கழிவும் கிட்னிக்கே வரும். சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீங்க. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பெரிய ஆட்டக்காரர்களே போடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் 39 சதவீதம் பேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் வலி மருந்து எடுத்தார்கள். அது பாதுகாப்புக்குச் சான்று இல்லை, பயப்பட வேண்டிய கணக்கு.

டிரமடால் என்ற கடுமையான வலி மருந்து 2024 ஜனவரி 1 முதல் போட்டியின்போது தடை செய்யப்பட்ட மருந்து. மருந்துச்சீட்டு கையில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் போட முறையான மருத்துவ விலக்கு அனுமதியும் வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுகிற இடத்தில் வலித்தால் அது எலும்புக் கீறலாக இருக்கலாம். மாத்திரையில் வலியை மறைத்து ஓடினால் முழு முறிவாகலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுங்க.